இரண்டு வீடா, ஒரு வீடா? வாடகை வருமானத்துக்காக வாங்க நினைக்கும் வாசகிக்கு

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 41 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது, அதன் கடனும் முடிந்துவிட்டது. இத்தனை வருடச் சேமிப்பைச் சேர்த்துப் பார்த்தால், நாங்கள் பார்த்து வைத்திருக்கும் ஃபிளாட் ஒன்றின் விலையில் மூன்றில் இரண்டு பங்கு தேறும். பாதி விலைக்குக் கடன் வாங்கி ஒரே ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்பது என் எண்ணம். அலுவலக நண்பர் ஒருவர், "கைக்காசை ஒரே வீட்டில் முடக்காதீர்கள். முக்கால்வாசி கடன் போட்டு இரண்டாக வாங்குங்கள். வாடகையே தவணையைக் கட்டிவிடும், ஐந்து வருடத்தில் விலை இரண்டு மடங்காகும்" என்கிறார். புரோக்கரும் அதைத்தான் சொல்கிறார். இந்த வாரத்துக்குள் டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார். இதற்கிடையில் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, "ஃபிளாட் எதற்கு? நாம் இருவரும் சேர்ந்து காலி மனையாக வாங்கிப் போடுவோம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வாங்கினால் எப்போது விற்பது?

பதில்: சகோதரிக்கு வணக்கம். நண்பரின் யோசனையா, உங்கள் யோசனையா என்று கேட்டால் நான் உங்கள் பக்கம்தான். கடன் வாங்குவது தப்பு என்பதற்காக அல்ல. வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிடுவது என் தொழில்; கடன் வாங்கி யாரும் வீடு வாங்கக் கூடாது என்று சொன்னால் என் பிழைப்பே போய்விடும். ஆனால் "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நாம் போட்டுப் பார்ப்போம்.

ஃபிளாட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர்ப் பணம் என்பது வேண்டாம், விகிதம் தெரிந்தால் போதும். வருட வாடகை 5 என்று வையுங்கள். புரோக்கர் உங்களிடம் சொல்லும் எண் இதுதான். உங்கள் கைக்கு வருவது வேறு. ஒரு குடித்தனம் காலி செய்து, பெயின்ட் அடித்து, அடுத்தவர் குடிவருவதற்குள் சராசரியாக வருடத்துக்கு ஒரு மாத வாடகை போகும், அது 0.4. குழாய், மோட்டார், கதவுப் பூட்டு, ஒழுகல் என்று ரிப்பேருக்கு 0.6. சொத்து வரி, காப்பீடு, குடியிருப்போர் சங்கத்தில் உரிமையாளர் தலையில் கட்டும் செலவுகள், எல்லாம் சேர்த்து 0.3. ஆள் பிடித்துத் தருபவருக்கு 0.2. ஆக 1.5 கழிந்து, நிற்பது 3.5. இதற்கு மேல் வருமான வரி வரும். அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இப்போது கடன். வட்டி 8 சதவீதம், காலம் 20 வருடம் என்று கொள்வோம். விலையில் முக்கால்வாசி, அதாவது 75 கடன் வாங்கினால் வருடத் தவணை சுமார் 7.5. வாடகையில் நிற்பது 3.5. துண்டு விழும் 4ஐ உங்கள் சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டும். இரண்டு வீடு என்றால் வருடத்துக்கு 8. உங்கள் திட்டப்படி 50 மட்டும் கடன் வாங்கி ஒரு வீடு என்றால் தவணை 5, துண்டு விழுவது 1.5. இன்னொன்றும் கவனியுங்கள். முதல் வருடம் நீங்கள் கட்டும் 7.5இல் ஏறத்தாழ 6 வட்டிக்கே போகிறது. அசல் குறைவது 1.6தான். "தவணை கட்டக் கட்டச் சொத்து சேருகிறது" என்பது உண்மைதான், ஆனால் ஆரம்ப வருடங்களில் அது மிக மெதுவாகத்தான் சேரும்.

ஐந்து வருடம் கழித்து விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவு, வக்கீல், தரகு, குடிவைக்கும் அளவுக்குத் தயார் செய்வது என்று வாங்கும்போது வீட்டுக்கு 7 செலவு, விற்கும்போது விலையில் 2 சதவீதம் செலவு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். விலை ஏறவே இல்லை என்றால், ஒரு வீடு வாங்கிய உங்களுக்கு நட்டம் சுமார் 10. இரண்டு வாங்கியிருந்தால் சுமார் 40. விலை நண்பர் சொல்வதுபோல் இரண்டு மடங்கானால், ஒரு வீட்டில் லாபம் 88 அளவுக்கு வரும், இரண்டு வீட்டில் 156 அளவுக்கு. இந்த இரண்டையும் நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஏறினால் நண்பர் ஜெயிக்கிறார், ஏறாவிட்டால் நீங்கள் தப்பிக்கிறீர்கள்.

நடுவில் ஒன்று இருக்கிறது. விலை வருடத்துக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். ஐந்து வருடத்தில் 100 என்பது சுமார் 122 ஆகும். யாரும் குறை சொல்ல முடியாத ஏற்றம். அப்போது ஒரு வீடு வாங்கியவருக்கு லாபம் சுமார் 11. இரண்டு வீடு வாங்கியவருக்கு? சுமார் 3. விலை ஏறியும், இரண்டு வீடு வைத்திருந்தும், கிடைத்தது குறைவு. வாடகையும் வருடாவருடம் 4 சதவீதம் கூடுவதாகப் போட்டாலும் 12, 6 என்று மாறுமே தவிர, யார் முந்துகிறார் என்பது மாறாது.

இது எப்படி என்றால், கடன் வாங்கிப் போட்ட ஒவ்வொரு 100க்கும் வாடகையில் 3.5, விலை ஏற்றத்தில் 4, மொத்தம் 7.5 வருகிறது. அதற்கு நீங்கள் கொடுக்கும் வட்டி 8. அரை சதவீதம் நட்டத்தில் கடை நடத்துகிறீர்கள். கடையைப் பெரிதாக்கினால் நட்டம்தான் பெரிதாகும். போதாக்குறைக்கு வாங்கும் செலவும் விற்கும் செலவும் இரட்டிப்பு. இதே வீட்டுக்கு வட்டி 5 ஆக இருந்தால் நானே நண்பர் பக்கம் சாய்ந்திருப்பேன். ஆகவே உங்கள் ஊரில், உங்கள் வங்கி சொல்லும் வட்டியையும், செலவு போக நிற்கும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாடகை விகிதமே வட்டியைத் தாண்டினால் கடனைக் கூட்டலாம். தாண்டாவிட்டால், இடைவெளியை விலை ஏற்றம் நிரப்பும் என்று நம்பித்தான் வாங்குகிறீர்கள். வட்டி மாதாமாதம் வந்து நிற்கும். விலை ஏற்றம் வந்தால் வரும். கடன் வட்டிக்கு வரிச் சலுகை உள்ள இடங்களில் கணக்குக் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான்.

ஐந்து வருடத்தில் இரண்டு மடங்கு என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கு வருடாவருடம் ஏறத்தாழ 15 சதவீதம் ஏற வேண்டும். அப்படி ஏறிய இடங்கள் உண்டு. அப்படி ஏறிய காலத்தை மட்டும் புரோக்கர்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதும் உண்டு. அமெரிக்காவில் 2006இல் உச்சம் தொட்ட வீட்டு விலை, அடுத்த ஐந்தாறு வருடத்தில் நாடு முழுக்கச் சராசரியாகக் கால்பங்குக்கும் மேல் சரிந்தது. ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் விழ ஆரம்பித்த நில விலை பத்து வருடத்துக்கு மேல் விழுந்துகொண்டே இருந்தது. நீண்ட காலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது: ஆம்ஸ்டர்டாமில் ஹெரன்கிராக்ட் என்ற கால்வாய்க் கரை வீடுகளின் விற்பனைப் பதிவுகள் 1628 முதல் 1973 வரை ஆராயப்பட்டிருக்கின்றன. ஊரிலேயே மதிப்பான தெரு அது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் அந்த முந்நூற்றுச் சொச்சம் வருடத்தில் விலை கூடியது இரண்டு மடங்கு அளவுக்குத்தான்.

அப்படியென்றால் வீட்டில் முதலீடு வீண் என்று அர்த்தமா? இல்லை. 1870 முதல் 2015 வரை 16 வளர்ந்த நாடுகளின் கணக்கைப் பொருளாதார அறிஞர்கள் தொகுத்தபோது, பணவீக்கம் போக வீடுகள் தந்த வருமானம் வருடத்துக்கு 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பங்குச் சந்தைக்குச் சளைக்காத எண். ஆனால் அதில் பெரும்பகுதி வாடகையிலிருந்து வந்தது, விலை ஏற்றத்திலிருந்து அல்ல. வீட்டு முதலீட்டைப் பற்றி யார் பேசினாலும் "போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு" என்று விலையைத்தான் பேசுகிறார்கள். சம்பாதித்துக் கொடுப்பது பேச்சில் வராத வாடகை. அதனால்தான் உங்களை வாடகையிலிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்கிறேன். அந்த 7 சதவீதத்தையும் அப்படியே உங்கள் ஃபிளாட்டுக்குப் பொருத்திவிடாதீர்கள். அது ஒரு நாட்டின் எல்லா வீடுகளுக்குமான சராசரி. நீங்கள் வாங்கப்போவது ஒரே ஒரு வீடு. அதற்கு எதிரே குப்பைக் கிடங்கு வந்தால் சராசரி வந்து உதவாது.

இன்னொரு விஷயத்தைத்தான் நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். வீட்டில் பணம் போட்டுத் தோற்றவர்களில் பலர் மோசமான வீடு வாங்கித் தோற்றவர்கள் அல்ல. விற்கக் கூடாத நேரத்தில் விற்க வேண்டி வந்தவர்கள். பங்கு என்றால் பத்து பங்கில் இரண்டை விற்கலாம். ஃபிளாட்டின் ஒரு படுக்கையறையை மட்டும் விற்க முடியாது. விற்கத் தொடங்கி பணம் கைக்கு வரவே பல மாதம் ஆகலாம். அவசரம் என்று தெரிந்தால் வாங்குபவர் விலையை அடிப்பார். சந்தை சரிந்திருக்கும் நேரத்தில் வாங்குபவரே வரமாட்டார்.

உங்கள் கையில் இருப்பது 65 என்று வைத்தால், ஒரு வீட்டுக்கு முன்பணமும் செலவும் சேர்த்து 57 போய் 8 மிஞ்சும். வருடத் துண்டு 1.5. இரண்டு பேரில் ஒருவருக்கு ஒரு வருடம் வேலை இல்லை, வீடும் ஆறு மாதம் காலி என்றாலும் தாக்குப்பிடிப்பீர்கள். இரண்டு வீடென்றால் 64 போய்விடும், கையில் நிற்பது 1, வருடத் துண்டு 8. மாறும் வட்டிக் கடனாக இருந்து வட்டி 8இலிருந்து 10க்கு ஏறினால் இரண்டுக்குமான வருடத் தவணை 15இலிருந்து 17ஐத் தாண்டும். அந்த மாதம் ஒரு வீடு காலியாகவும் இருந்து, லிஃப்ட் மாற்ற வேண்டும் என்று சங்கத்திலிருந்து கடிதமும் வந்தால் என்ன செய்வீர்கள்? கைமாற்று வாங்குவீர்கள், நகையை வைப்பீர்கள், அப்புறம் ஒரு வீட்டை விற்பீர்கள். எந்த வீட்டை? இப்படி நெருக்கடியில் விற்க வந்தவர்களை நான் பார்த்தவரையில், கையிலிருப்பதில் நல்ல வீடுதான் முதலில் போகும். ஏனென்றால் அதற்குத்தான் உடனே ஆள் கிடைக்கும். ஒழுகும் வீடு கடைசிவரை கூடவே இருக்கும்.

ஆகவே எத்தனை வீடு வாங்குவது என்பதை முடிவு செய்வதற்கு முன், எட்டு மாதத் தவணையும் ஒரு பெரிய ரிப்பேர்ச் செலவும் தனிக் கணக்கில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் போதும் என்பவர்கள் உண்டு. நீங்கள் இருவரும் ஒரே நிறுவனத்திலோ ஒரே மாதிரித் தொழிலிலோ வேலை செய்கிறவர்களாக இருந்தால் ஆறு போதாது; வேலை போனால் இருவருக்கும் சேர்ந்து போகும். குழந்தைகளின் படிப்புக்கு வைத்திருக்கும் பணத்தை இந்தக் கணக்கில் காட்டாதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். புரோக்கர் சொன்ன வாடகை உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. வாங்குபவராகக் கேட்காதீர்கள், வாடகைக்கு வீடு தேடுபவராகக் கேளுங்கள். அதே குடியிருப்பில், அதே தெருவில் வாடகை விளம்பரம் கொடுத்திருக்கும் நாலைந்து பேருக்குப் போன் போடுங்கள். "எப்போதிலிருந்து காலி? வாடகை கொஞ்சம் குறையுமா?" இந்த இரண்டு கேள்வி போதும். வாங்குபவரிடம் ஒரு வாடகை சொன்ன அதே தரகர், குடிவருபவரிடம் வேறொன்று சொல்வதைக் கேட்பீர்கள். ஒரே கட்டடத்தில் ஐந்தாறு வீடு மூன்று மாதமாகக் காலி என்று தெரிந்தால், வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று நான் போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இரண்டு மாதமாகப் போட்டுப் பாருங்கள். வாடகைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும் வீடு என்றால் வாடகை ஒப்பந்தத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பணம் மாதாமாதம் வங்கியில் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். விலையைத் தூக்கிக் காட்ட, விற்பவரே தெரிந்தவரைக் குடிவைத்துக் கூடுதல் வாடகைக்கு ஒப்பந்தம் எழுதிய கதைகள் உண்டு.

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஹாலில் நின்று வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நான் முதலில் போவது குளியலறைக்கு அல்ல, குளியலறைச் சுவரின் மறுபக்கத்துக்கு. அது பெரும்பாலும் படுக்கையறைச் சுவராகவோ, அலமாரி வைத்து மறைத்த சுவராகவோ இருக்கும். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தால், டைல்ஸுக்குப் பின்னால் தண்ணீர் கசிகிறது. வீடு முழுக்கப் பழைய பெயின்ட், அந்த ஒரு சுவர் மட்டும் புதுசு என்றாலும் அதே அர்த்தம்தான். அடுத்து சமையலறை சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்து, உள்ளே அடிப்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். ஊறி உப்பியிருக்கும் பலகையைக் கண்ணுக்கு முன் கை கண்டுபிடிக்கும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ஃபிளஷ்ஷையும் அழுத்திப் பாருங்கள். மேல்மாடி என்றால் கூரை மூலைகளில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. இரவில் ஒரு தடவை போங்கள். குடித்தனக்காரர் அங்கேதான் தூங்கப்போகிறார். இதில் எதுவுமே வாங்காமல் விடுவதற்கான காரணம் அல்ல. பேரம் பேசுவதற்கான காரணம். ரிப்பேருக்கு ஒரு மேஸ்திரியிடம் எழுதி வாங்கிய மதிப்பீட்டோடு பேசினால் விற்பவர் கேட்பார்.

பத்திர விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன், ஆனால் அதைத் தள்ளிவிடாதீர்கள். "வங்கியே கடன் கொடுக்கிறது, அப்புறம் என்ன பயம்?" என்று எல்லோரும் சொல்வார்கள். வங்கி பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. 100 விலை சொல்லும் வீட்டுக்கு நீங்கள் கேட்பது 50 என்றால், அந்த வீடு உண்மையில் 75தான் பெறும் என்றாலும் வங்கிக்கு நட்டமில்லை, கடனைத் தந்துவிடும். அந்த 25 உங்கள் பணம். அதனால் கடன் கிடைத்துவிட்டது என்பதை விலை சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூலப் பத்திரங்கள், வில்லங்கம், கட்டட அனுமதி எல்லாவற்றையும் பார்க்க, விற்பவரோ புரோக்கரோ காட்டாத, நீங்களாகப் பிடித்த ஒரு வக்கீலை வையுங்கள்.

அண்ணனின் மனை யோசனைக்கு வருகிறேன். மனையில் நல்லது இருக்கிறது, மறுக்கவில்லை. கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. ரிப்பேர் இல்லை, குடித்தனக்காரர் தொல்லை இல்லை. ஃபிளாட்டில் கூட நாளடைவில் விலை ஏறுவது உங்களுக்கு வரும் நிலப் பங்குக்குத்தான், சுவருக்கு அல்ல. ஆனால் மனை ஒரு பைசா வாடகை தராது. ரொக்கமாக 100 போட்டு வாங்கினால், அந்தப் பணம் 6 சதவீத வட்டிக்கு வங்கியில் கிடந்திருந்தால் ஐந்து வருடத்தில் 134 ஆகியிருக்கும். வாங்கி விற்கும் செலவையும் சேர்த்தால் மனை விலை 145ஐ நெருங்கினால்தான் சமமாகிறீர்கள். வெறும் மனைக்குக் கடன் வாங்குவதும் வீட்டுக் கடனைவிடக் கடினம், வட்டியும் பெரும்பாலும் கூடுதல். யாராவது அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேலிக் கல் நகரும். வீடு கட்டிக் குடிபோகும் எண்ணம் இருந்தாலோ, பதினைந்து வருடம் அந்தப் பணத்தை மறந்துவிட முடியும் என்றாலோ மனை வாங்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால், மாத வருமானம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம்தான் தெரிகிறது.

சேர்ந்து வாங்குவதில் எனக்கு மனையைவிடப் பெரிய தயக்கம் இருக்கிறது. அண்ணன் நல்லவராகத்தான் இருப்பார். சிக்கல் வருவது, இருவரில் ஒருவருக்கு அவசரப் பணத்தேவை வந்து மற்றவருக்கு வராத நாளில். அவருக்கு மகள் கல்யாணம், விற்க வேண்டும். உங்களுக்கு விலை இன்னும் ஏறும் என்று தோன்றுகிறது. பாதி மனையை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த நாளுக்கு என்ன செய்வது என்பதை இப்போதே எழுதிவிட வேண்டும். யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதத்தில் பத்திரத்தில் பங்கு; ஒருவர் விலக நினைத்தால் முதலில் மற்றவருக்குத்தான் கொடுக்க வேண்டும்; விலையை இருவருக்கும் சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும்; ஆறு மாதத்தில் மற்றவரால் வாங்க முடியாவிட்டால் முழு மனையையும் வெளியே விற்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்; இருவரில் ஒருவர் காலமானால் வாரிசுகளுக்கும் இது பொருந்தும். வரி, வேலி, காவல் செலவை யார் எப்போது தருவது என்பதும் அதிலேயே வரட்டும். அண்ணனிடம் எழுத்தில் கேட்கச் சங்கடமாக இருந்தால் வக்கீல் வாயால் கேளுங்கள். "வக்கீல் இப்படித்தான் எழுதணும்ங்கிறார்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதற்கும் "நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?" என்று பதில் வந்தால், அந்த மனையை வாங்காதீர்கள். உறவாவது மிஞ்சும்.

குடித்தனக்காரரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. சந்தை வாடகையைவிட ஐந்து சதவீதம் கூடக் கேட்டு இரண்டு மாதம் காலியாகப் போட்டு வைப்பவர்கள் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. இரண்டு மாதம் காலி என்றால் வருட வாடகையில் ஆறில் ஒரு பங்கு போச்சு. கூடுதல் ஐந்து சதவீதத்தால் அதை ஈடுகட்ட மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். சரியான தேதிக்கு வாடகை தந்து வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர் கிடைத்துவிட்டால், அவர் குழாய் ஒழுகுது என்று போன் செய்த அன்றே பிளம்பரை அனுப்புங்கள்.

எப்போது விற்பது? ஐந்து வருடம், பத்து வருடம் என்று தேதி குறிக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை, இந்த வீடு கையில் இல்லை, இன்றைய விலையில் இதை வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். 100க்கு வாங்கும்போது கையில் நின்றது 3.5. விலை 180 ஆகி, நிற்கும் வாடகை 4.2 ஆகியிருந்தால், இன்றைய மதிப்பில் அது 2.3 சதவீதம்தான். அந்த 180ஐ வேறு இடத்தில் போட்டால் இதைவிட நிம்மதியாகக் கூடுதலாக வரும் என்றால் விற்கலாம். கட்டடத்துக்குப் பெரிய செலவு நெருங்குகிறது, சங்கத்தில் பணமும் இல்லை என்றாலும் விற்கலாம். விலை விழுந்துவிட்டது என்று செய்தியில் வந்ததற்காக, வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வீட்டை விற்க வேண்டியதில்லை.

கடைசியாக டோக்கன். இந்த வாரத்துக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார் என்றால், எடுத்துக்கொள்ளட்டும். கொடுப்பதாக முடிவு செய்தால் சிறு தொகையாக, வங்கி வழியாக, உரிமையாளர் பெயருக்கே கொடுங்கள், புரோக்கர் கையில் அல்ல. பத்திரத்தில் குறை இருந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ இத்தனை நாளில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று எழுதி, உரிமையாளரின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் உங்கள் வங்கியில் ஒரு வேலை இருக்கிறது. கடன் கிடைக்குமா என்று மட்டும் கேட்காமல், அந்த ஃபிளாட்டுக்கு அவர்கள் போடும் மதிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பல வங்கிகள் கேட்டால் சொல்வார்கள். அந்த எண், வங்கி சொல்லும் வட்டி, வாடகைக்குத் தேடுபவராக நீங்கள் போன் போட்டுக் கேட்ட வாடகை, மூன்றையும் எனக்கு எழுதுங்கள். 100, 5, 8 என்று நான் போட்ட இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.